குடிபூருமுன் ஒரு சான்றிதழ்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பது முதுமொழி. கல்யாணத்திற்குப் பதிவு வேண்டுமென்பதை நம்மவர் யாவரும் அறிவர். வீட்டிற்கும் ஒரு முடிவுச் சான்று வேண்டுமென்பதைப் பலர் அறியார். அறிந்தவருள்ளும் சிலர் அதனைப் பொருட்படுத்தார்.

நாட்பார்த்து அத்திவாரக் கல் நாட்டுகின்றோம், நாட்பார்த்து நிலை வைக்கின்றோம், நாட்பார்த்துக் குடிபூருகின்றோம். சட்டமும் மூன்று படிகளை வகுத்துள்ளது. கட்டுமுன் அனுமதி, கட்டும்போது பரிசோதனை, கட்டியபின் சான்றிதழ் என்பனவே அவை. இவற்றிற்கு அடிப்படை 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமாகும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ்ப் பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் சேர்ந்து ஆளும்.

முதற்படியாக, உறுதியின் பிரதி, நில அளவைப் படம், தகுதியுடையார் வரைந்த கட்டடப் படம் ஆகியவற்றுடன் மாநகர சபைக்கோ, நகர சபைக்கோ, பிரதேச சபைக்கோ விண்ணப்பித்தல் வேண்டும். புதுவீட்டிற்கு மட்டுமன்று, இருக்கும் வீட்டை மாற்றிக் கட்டுவதற்கும் அனுமதி தேவை. அனுமதிக்குக் காலவரையறை உண்டென்பதையும் மறத்தலாகாது.

அடுத்தது பரிசோதனை. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவதைத் தொல்லையெனக் கருதுவோர் உளர். யாழ்ப்பாணத்து நிலத்தின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு கருதார். இங்கே மண்ணின் கீழ் இருப்பது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புக்களினூடே நீர் எளிதில் ஓடும்; அழுக்கும் அவ்வழியே ஓடும். ஒருவர் தம் மலசலகூடக் குழியை வேலியோரம் வெட்டினால், அயலார் கிணற்றில் குடிப்பவை அவர் குழந்தைகள்! குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைப் பரிசோதகர் அளப்பது இதற்காகவே.

மூன்றாவதே பெரும்பாலோர் விட்டுவிடும் படி. வேலை முடிந்ததும் சபைக்கு விண்ணப்பித்து அமைவுச் சான்றிதழைப் பெறுதல் வேண்டும். குடிபுகு சான்றிதழ் என வழங்குவதும் இதுவே. கட்டியது அனுமதித்த படத்தோடு ஒத்திருக்கின்றதா என்று பார்த்தே இதனை வழங்குவர். இது கிடைக்கும்வரை காவற்காரரன்றி எவரும் அவ்வீட்டில் வசித்தலாகாது என்பது 1915ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

இடர் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் பிறக்கின்றது. இடைநடுவில் மனம்மாறி விறாந்தையை வீதிப்பக்கம் நீட்டுவோம். எல்லையோரம் ஓர் அறையைக் கூட்டுவோம். மேசன் கட்டித் தந்துவிடுவார். சான்றிதழுக்குப் பொறுப்பாளி வீட்டுக்காரரே. அனுமதியின்றிக் கட்டிய பகுதியை இடிக்குமாறு நீதவான் நீதிமன்றம் கட்டளையிடவுங் கூடும். மாற்றம் வேண்டுமாயின், திருத்திய படத்திற்கு முன்னதாகவே அனுமதி பெறுதல் நன்று.

மகளுக்குச் சீதனமாக எழுதும் வீடு, வங்கிக் கடனுக்கு ஈடாக வைக்கும் வீடு, அந்தரத்திற்கு விற்கவேண்டிய வீடு, எதுவாயினும் ஒருநாள் அதன் பத்திரங்களைப் பிறர் புரட்டிப் பார்ப்பர். ஆகையால், பால் காய்ச்ச நாட்பார்க்குமுன் சபைக்கு ஒருமுறை சென்று வருக. பெற்ற சான்றிதழை உறுதியோடு ஒரே பெட்டகத்தில் வைத்துப் பேணுக.