மாயாவிக்குக் கண் தெரியுமா?

புதிய காமிக்ஸ் இதழ் கைக்கு வந்தால், பக்கங்களைப் புரட்டாமல் என்னால் மூடிவைக்க முடியாது. அதிலும் இரும்புக்கை மாயாவி என்றால் கேட்கவே வேண்டாம். 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர் இது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ இதற்குப் படம் வரைந்தார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தபோது, அதன் முதல் இதழே இந்த மாயாவிதான். இன்றும் அவர் கதை மறுபதிப்பாக வந்தால், நான் முதல் ஆளாக வாங்கிவிடுவேன்.

அப்படி வாங்கிய இதழ் ஒன்றை எட்டாம் வகுப்பு வாசிப்பு மூலையில் வைத்தேன். பாடநூலில் ஒரு பத்தியைப் படிக்கவே தயங்கும் மாணவர்கள் சிலர் அந்த வகுப்பில் உண்டு. காமிக்ஸில் ஒரு கட்டத்துக்கு ஒன்றிரண்டு வரிகள்தாம். சொல் தெரியாவிட்டாலும் படம் கைகொடுக்கும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகித்தல், பொருள் உணர்தல், கோவையாகச் சொல்லுதல் ஆகிய திறன்கள் இதில் தாமாகவே வளர்கின்றன.

கதை இதுதான். ஆய்வக விபத்தில் ஒரு கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக்கை பொருத்தப்படுகிறது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவர் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இதைப் படித்ததும், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் கேட்டான்: “சார், அவர் மறைஞ்சுட்டா அவருக்குக் கண்ணு தெரியுமா?”

அன்றைய ஒளியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஒளி கண்ணுக்குள் சென்று விழித்திரையில் விழ வேண்டும். விழித்திரை அதை உட்கவர வேண்டும். அப்போதுதான் காட்சி உண்டாகும். உடல் முழுவதும் ஒளியை அப்படியே ஊடுருவ விட்டால், விழித்திரையும் விடும். அப்படியானால் மாயாவிக்கு எதுவுமே தெரியாது! எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலின் நாயகனுக்கும் இதே சிக்கல்தான்.

பொருள் ‘மறைவதை’ வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். போரோசிலிகேட் சோதனைக் குழாய் ஒன்றில் எண்ணெயை நிரப்பி, அதைக் குவளைக்குள் இறக்குங்கள். மூழ்கிய பகுதி ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாமல் போகும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் சுமார் 1.47 என்பதால், ஒளி எல்லையில் வளைவதும் இல்லை, எதிரொளிப்பதும் இல்லை. இதையே தண்ணீரில் செய்தால் குழாய் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, காரணத்தை மாணவர்களையே சொல்லச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். மாயாவி மின்சாரத்தைத் தம் உடலில் பாய்ச்சிக்கொள்வார். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது உடல் வழியாகப் பாய்ந்தால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். ஈரக்கையால் சுவிட்சைத் தொடக் கூடாது, பிளக் துளையில் எதையும் நுழைக்கக் கூடாது. இதழைக் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுகிறேன். கதையில் எது கற்பனை, எது அறிவியல் என்று பிரித்தறிவதுதான் அறிவியல் மனப்பான்மையின் முதல் படி.

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அறிவியல் புனைகதை எதைப் படித்தாலும் நோட்டில் இரண்டு பத்திகள் போட வேண்டும்: ‘நடக்கும்’, ‘நடக்காது’. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். ஒரு வரி எழுதவே தயங்கியவர்கள்கூட, மாயாவியின் தவறுகளைக் கண்டுபிடிப்பதற்காகப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். உங்கள் வாசிப்பு மூலையிலும் ஓர் இதழை வைத்துப் பாருங்கள். கேள்விகள் அவர்களிடமிருந்தே வரும்.