சோழர் வீட்டு அத்தைகள்!

போன மாசம் லீவில் கூத்தாநல்லூருக்குப் போயிருந்தபோது அப்பா ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "தாத்தா வாங்கின மூணு மா நிலத்துக்குப் பட்டா மாத்தணும். நீதான் ஆபீஸ்ல நாள் பூரா கம்ப்யூட்டர் தட்டுறியே... வம்சாவளி ஒண்ணு போட்டுக் கொடு!"

அரை மணியில் கட்டமும் கோடுமாக ஜோராகப் போட்டுவிட்டேன். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, சித்தப்பா, கடைசியில் அடியேன். லெட்சுமாங்குடியிலிருந்து வந்திருந்த அத்தை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி... இதுல நான் எங்கே இருக்கேன்?"

எனக்குக் காபி புரையேறியது.

"கட்டிக் கொடுத்த பொண்ணு பேரு இந்த வம்சாவளியில எதுக்கு?" என்றார் சித்தப்பா. அப்பா சட்டென்று பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். விவரமான மனுஷர்!

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனுக்குச் சங்கடம் வந்தால் சோழனிடம்தானே போவான்? அலமாரியில் சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இருந்தது. ராஜாக்கள் எப்படி வம்சாவளி போட்டார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தேன்.

முதல் ஆச்சரியம், சோழர்களின் முழு வரிசை ஒரே இடத்தில் ரெடிமேடாகக் கிடைத்ததல்ல. அன்பில் செப்பேடு, லைடன் செப்பேடு, கன்னியாகுமரிக் கல்வெட்டு என்று துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டவைத்திருக்கிறார்கள். 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் மட்டும் 31 ஏடுகள். அதில் பரம்பரை சூரியனில் ஆரம்பிக்கிறது, சார்! மனு, இட்சுவாகு, சிபி என்று இறங்கி விஜயாலயனிடம் வருவதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது. (எங்கள் வம்சாவளி கொள்ளுத்தாத்தாவோடு நின்றுபோனதில் பட்டா ஆபீசுக்கு லாபம்.)

விஜயாலயனுக்கு அப்புறமாவது சுலபமா என்றால், அதுவும் இல்லை. பல கல்வெட்டுகளில் ராஜாவின் பெயரே இருக்காது. வெறும் 'ராஜகேசரி' அல்லது 'பரகேசரி', இத்தனையாவது ஆட்சி ஆண்டு... அவ்வளவுதான்! இந்தப் பட்டங்கள் ஆள் மாற மாற, மாறி மாறி வரும். சுந்தர சோழன் ராஜகேசரி, அடுத்து உத்தம சோழன் பரகேசரி, அடுத்து ராஜராஜன் ராஜகேசரி, அவர் மகன் ராஜேந்திரன் பரகேசரி. ரெண்டே இனிஷியலை வைத்துக்கொண்டு ஆபீஸ் ரெக்கார்டு ரூம் முழுவதையும் அடுக்கச் சொன்ன மாதிரி வேலை! கீல்ஹார்ன் என்ற ஜெர்மானியர் கல்வெட்டுகளிலிருந்த கிழமை, திதி, நட்சத்திரத்தையெல்லாம் கணக்குப் போட்டு, ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ம் வருஷம் என்று கண்டுபிடித்தார்.

இப்படியே வந்த நான், 1070-ல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த வருஷம் அதிராஜேந்திரன் பட்டமேறிய கொஞ்ச நாளிலேயே காலமானான். அடுத்து வந்தவன் முதலாம் குலோத்துங்கன். அவன் அப்பா சோழரே இல்லை! ஆந்திரப் பக்கம் வேங்கியை ஆண்ட சாளுக்கியர்.

பின்னே எப்படி சோழ ராஜா ஆனான்? அம்மா வழியில்!

ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி விமலாதித்தனுக்குக் கொடுத்தார். ('பொன்னியின் செல்வன்' குந்தவை இவள் இல்லை, அவள் ராஜராஜனின் அக்கா. அக்கா பெயரையே மகளுக்கு வைத்துவிட்டார்.) குந்தவையின் பிள்ளை ராஜராஜ நரேந்திரன், தாய்மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையைக் கட்டினான். அவர்கள் பிள்ளைதான் குலோத்துங்கன். அவனும் சும்மா இருக்கவில்லை. தன் தாய்மாமன் ரெண்டாம் ராஜேந்திரன் மகள் மதுராந்தகியைக் கட்டிக்கொண்டான். நம்ம ஊர் முறைப்பெண் சமாசாரம் அரண்மனையிலும் அப்படியே!

அதிராஜேந்திரன் பரகேசரி. குலோத்துங்கன் ஜம்மென்று 'ராஜகேசரி' ஆனான். வரிசையில் ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. ஜெயங்கொண்டாரும் 'கலிங்கத்துப் பரணி'யில் சோழர் பரம்பரையைப் பாடி அவனிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார். 1279 வரை சோழ நாட்டை ஆண்டவர்கள் இந்தக் 'கட்டிக் கொடுத்த பெண்'ணின் வாரிசுகள்தான்.

நம்மூர் விசேஷம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் ராஜாக்களின் பழைய வம்சாவளி ஒன்று உண்டு. 'மாப்', 'மாப்' என்று போய்க்கொண்டே இருக்கும். மகன் என்று அர்த்தம். நடுவே மெர்வின் என்ற ராஜா வரும் இடத்தில் திடீரென்று ஒரு 'மெர்ச்', அதாவது மகள். அங்கேயும் அம்மா வழியில்தான் கோடு இழுத்திருக்கிறார்கள்.

புஸ்தகத்தோடு உள்ளே போய் சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அது ராஜா வீடுடா! நம்ம வீட்டில என்ன ராஜ்யமா இருக்கு?"

"ராஜ்யம் இல்லே சித்தப்பா, மூணு மா இருக்கு. தாத்தா சொந்தமா வாங்கினது, உயிலும் எழுதலே. 1956 சட்டப்படி அத்தைக்கும் சம பங்கு."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புதுத் தாளில் திரும்ப எழுதினேன். அப்பா, அத்தை, சித்தப்பா என்று வயசு வரிசைப்படி மூன்று கட்டம். அப்புறம்தான் உறைத்தது, கொள்ளுத்தாத்தா பக்கத்துக் கட்டம் காலி!

"அப்பா, உங்க பாட்டி பேரு என்ன?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "பாட்டின்னுதான் கூப்பிடுவோம்..." என்றார் மெதுவாக.

அத்தைதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "செல்லம்மா! எழுதிக்கோ தம்பி. அவங்க அம்மா பேரும் தெரியும், வேணுமா?"

எழுதிக்கொண்டேன். சித்தப்பா மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வருகிற சனிக்கிழமை மறுபடியும் ஊருக்குப் போகிறேன்.