வடதிசை மீளும் காட்டுத்தாராக்கள்

மன்னார்ப் பெருந்தெரு கடலைக் கடந்து தீவினுட் புகுமுன், அதன் மருங்கில் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பொன்று விரிந்து கிடப்பதை அவ்வழிச் சென்றோர் கண்டிருப்பர். வங்காலைச் சரணாலயம் என்பது அதுவே. 4,839 ஹெக்டேயர் பரப்புடைய அச்சரணாலயம், 2010 ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 20,000க்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளுக்கு அஃது உணவும் உறைவிடமும் அளிக்கின்றது. அவற்றுள் ஒரு பெரும் பகுதி வடநாடுகளிலிருந்து வரும் காட்டுத்தாராக்களாகும். பேருந்தின் சாளரத்தினூடாக நோக்குவோர்க்கு அவை நீரில் மிதக்கும் கரும்புள்ளிகளாகவே தோன்றும். அப்புள்ளிகளை எக்காலத்தில், எங்ஙனம் நோக்குதல் வேண்டும், அவற்றை நிழற்படம் எடுக்க விழைவோர் எதனைக் கற்றல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாறு வருவனவற்றுள் நான்கு இனங்களை மாணவர் எளிதில் அறிந்துகொள்ளலாம். நீண்டு மெலிந்த கழுத்தும் கூர்த்த வாலும் உடையது ஊசிவால் தாரா. செந்நிறத் தலையின்மேல் வெண்மஞ்சட் பட்டை தீட்டி நாமம் தரித்தாற்போலத் தோன்றுவது நாமத்தலைத் தாரா. அதன் சேவல் கத்துவதில்லை, சீழ்க்கையடிப்பதுபோல ஒலிக்கும். கண்ணின்மேற் பிறைபோல் வளைந்த வெண்கோடு உடையது நீலச்சிறகுத் தாரா. அகப்பைபோல் அகன்ற அலகினால் நீரை அரித்து இரை கொள்வது தட்டைவாய்த் தாரா. இவை யாவும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெருந்திரளாக வந்து, பங்குனி, சித்திரையில் மீள்வன.

வந்திறங்கும் காலத்தில் இவற்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். மேற்கூறிய அடையாளங்களுட் பல அப்பொழுது காணப்படா. காரணம் யாதெனின், இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்தாராக்கள் சிறகின் பறப்பிறகுகள் அனைத்தையும் ஒருங்கே உதிர்த்துவிடுகின்றன. புதியன முளைக்கும் வரை, சில வாரங்கள் அவற்றாற் பறத்தல் இயலாது. பறக்க இயலாத பறவைக்குப் பகட்டான நிறம் பகையாகும். ஆதலின் அக்காலத்தில் அவை பேட்டினைப் போன்ற மங்கிய கபில நிறம் பூணுகின்றன. அக்கோலம் முற்றும் நீங்காத நிலையிலேயே பல இங்கு வந்து சேர்கின்றன. மார்கழி, தை மாதமளவிற் பெரும்பாலானவை புதுவண்ணம் பெறும். நீலச்சிறகுத் தாராவோ மாசி மாதம் வரையுங்கூட மங்கிய கோலத்துடன் இருத்தல் உண்டு. எனவே அதன் வெண்பிறைக் கோட்டினை நம் நாட்டிற் செவ்வையாகக் காண்பதற்குரிய காலம், அது நம்மை விட்டு நீங்குவதற்குச் சற்று முந்திய இளவேனிற் காலமேயாகும்.

இளவேனிலுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. தாராக்களின் துணைதேடும் படலம் பெரும்பாலும் இங்கேயே, குளிர்காலத் தங்குமிடத்திலேயே நிகழ்கின்றது. பல சேவல்கள் ஒரு பேட்டினைச் சூழ்ந்து கழுத்தை நிமிர்த்தியும் தலையைப் பின்சாய்த்தும் ஆடுவதைப் பொறுமையுடையோர் காணலாம். தெரிவு பேட்டினுடையது. பயணத்தின் திசையும் பெரும்பாலும் அதனுடையதே. பேடு தான் பிறந்த நிலத்தை நாடிச் செல்லும் இயல்பினது. சேவல் அதனைப் பின்தொடர்கின்றது. புறநானூற்றின் 67 ஆம் பாட்டிற் பிசிராந்தையார், தென்குமரித் துறையில் இரையருந்தி வடமலைக்குப் பெயரும் அன்னச்சேவலை விளித்து, உறையூரிற் சோழன் மாடத்திற் பேட்டோடு தங்கிச் செல்லுமாறு கூறுகின்றார். பறவைகள் இணையாக வடக்கு நோக்கிச் செல்லும் செய்தி நம் முன்னோர் அறிந்ததே என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி, அப்பயணத்தின் அருமையை எண்ணுக. மன்னாரிலிருந்து மேற்குச் சைபீரியச் சதுப்புநிலங்கள் ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ளன. ஒரு நீலச்சிறகுத் தாராவின் எடையோ அரைக் கிலோகிராமிலுங் குறைவு. இத்தொலைவைக் கடத்தற்கு வேண்டிய ஆற்றலை அது கொழுப்பாக உடலிற் சேமித்துக்கொள்கின்றது. பங்குனி மாதத்தில் அது உண்ணும் ஒவ்வொரு கவளமும் வழிக்குக் கட்டும் சோறு எனலாம். அதனை ஒருமுறை வெருட்டி எழுப்பினால், சேமித்ததிற் சிறிது செலவாகின்றது; மேலுஞ் சேமித்தற்குரிய நேரமும் கழிகின்றது. மிக அழகுற்று விளங்கும் காலமே மிகத் தனித்துவிடப்பட வேண்டிய காலமுமாக அமைந்துள்ளமையைப் படம் எடுப்போர் மறத்தல் ஆகாது.

யான் இதனை உணர்ந்தது ஒரு பிழையினால். சில ஆண்டுகளுக்கு முன், பங்குனியில் ஒரு நாட் காலை மாணவர் சிலருடன் ஒரு களப்பின் கரைக்குச் சென்றிருந்தேன். நாமத்தலைத் தாராக்கள் நூற்றுக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. இன்னுஞ் சற்று நெருங்கலாமா என மாணவன் ஒருவன் கேட்டான். எனக்கும் ஆசையே, இசைந்தேன். இருபது அடி நடப்பதற்குள் கூட்டம் முழுவதும் பேரொலியுடன் எழுந்தது. கமெரா தன் கடமையைச் செய்தது. பிற்பகல் வரை காத்திருந்தோம். அவை அவ்விடத்துக்கு மீளவில்லை. படம் மிக நன்றாக வாய்த்திருந்தமையால் அதனை வகுப்பறையில் மாட்டினோம். ஒருநாட் கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன் அதனை நெடுநேரம் நோக்கிவிட்டு, "ஐயா, ஏன் எல்லாத் தாராவும் எங்களுக்கு முதுகைக் காட்டுது?" என்று வினவினான். விடை யாங்களே என்பதை அவனுக்குச் சொல்ல எனக்குச் சிறிது நேரஞ் சென்றது.

அதன்பின் யாங்கள் கைக்கொண்ட முறை எளியது. புலருமுன் சென்று, ஞாயிறு முதுகுப்புறமாக இருக்குமாறு வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, இறங்காது உள்ளேயே இருத்தல் வேண்டும். தாராக்கள் வண்டியைப் பொறுக்கும். அதிலிருந்து இறங்கும் மனிதனைப் பொறா. 1900 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திற் கேர்ட்டன் சகோதரர் எருதின் தோலினாற் செய்த பொய்யுருவினுள் ஒளிந்திருந்து பறவைகளைப் படம் பிடித்தனர். நமக்கு வண்டியே அவ்வெருது. வில்லை 400 மில்லிமீற்றருக்குக் குறையாத குவியத்தூரம் உடையதாயின் நன்று. நீந்தும் பறவையும் ஓயாது அசைவதால், ஒளி இடந்தரின் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளிபுக விடுதல் தகும். ஊசிவால் தாராவின் வெண்மார்பு வெளிறிப்போகாதவாறு ஒளியைச் சற்றுக் குறைத்தல் வேண்டும்.

இவை கருவியைப் பற்றியவை. பறவையைப் பற்றிய விதி ஒன்றே: அதன் கழுத்தைக் கவனித்தல். மேய்ந்த பறவை கழுத்தை நிமிர்த்தி அசையாது நிற்குமாயின் அது நம்மை அறிந்துவிட்டது. அடுத்து, கூட்டம் நெருங்கி ஒருங்கு திரண்டு அப்பால் நீந்தும். மூன்றாவதாகத் தலையை விரைந்து அசைக்கும். அதன்பின் எழுந்து பறக்கும். முதற்குறி கண்டவிடத்தே நிற்பவன் நோக்குநன். மூன்றாம் குறிக்காகக் காத்திருப்பவன் வேட்டைக்காரன், அவன் கையிலிருப்பது கமெராவேயாயினும். இக்காலக் கமெராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டு குவியஞ் செய்கின்றன. காத்திருக்கும் வேலையை மட்டும் எக்கருவியும் நமக்காகச் செய்வதில்லை.

மறு ஆண்டில் எமக்கு வாய்த்த படம் சிறியது. ஒரு நீலச்சிறகுச் சேவல் தன் இறகைக் கோதுகின்றது. அருகே பேடு தலையை நீரினுள் அமிழ்த்தி இரை தேடுகின்றது. வியப்புக்குரியது எதுவுமில்லை. ஆயினும் அவ்விரண்டும் யாங்கள் அங்கிருந்ததை அறியா. பழைய படத்தை அகற்றி அதனை மாட்டினோம். சித்திரையில் மீண்டும் சென்றபோது நீர் வற்றி, உப்புப் பூத்த சேறே எஞ்சியிருந்தது. தாராக்கள் சென்றுவிட்டன. செல்லும் வழிக்கு வேண்டியதை அவை இங்கு உண்டிருக்கும் என்ற நிறைவோடு திரும்பினோம்.