மாட்டுக்கு முன்னே புல்

காலையில் கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகின்றோம். விலையைச் சொல்பவர் நாமல்லர். கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் அளந்து, வாங்குபவரே விலை சொல்கின்றார். புண்ணாக்கு, தவிடு வாங்கப் போனாலும் அங்கே விற்பவர் சொல்வதுதான் விலை. இரண்டு விலைகளுக்கும் இடையில் மிஞ்சுவதே எமது சீவியம்.

இந்த நெருக்கடிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் வெளிநாட்டுப் பால்மா கடைகளை நிறைத்தது. உள்ளூர்ப் பால் அதனோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

பாலில் தன்னிறைவு காண்போம் என்று அரசுகள் மாறிமாறிச் சொல்லின. அதற்கு மாடுகளை இறக்குமதி செய்வதே வழியென்றும் எண்ணின. 2017இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து 5,000 நாகுகள் கொண்டுவரப்பட்டன. கடன்பட்டு அவற்றை வாங்கிய பண்ணையாளர் பலருக்கு எதிர்பார்த்த பால் கிடைக்கவில்லை. மாடுகள் பல இறந்தன, கடன் மிஞ்சியது.

காரணம் விளங்காததல்ல. கூடக் கறக்கும் மாடு கூடத் தின்னும். 400 கிலோ நிறையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோ பசும்புல் வேண்டும். புல் இல்லையேல் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் சோள விளைச்சல் சரிந்து தீவன விலை ஏறியது. வயலுக்கென எடுத்த முடிவு மாட்டுத் தொழுவத்தையும் தாக்கியது.

பட்டிகளைக் கைவிட்டு இடம்பெயர்ந்த எமக்கு இது இன்னும் பாரம். ஊர் திரும்பினாலும் மேய்ச்சற்றரை திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் நிலத்துக்காக 2023 செப்டெம்பரில் வீதிக்கு இறங்கினர். புல்லில்லாமல் பட்டியில்லை என்பதை அவர்கள் அறிவர்.

ஆகவே உதவியாக மாடு தர யாராவது முன்வந்தால், முதலில் சில கேள்விகளைக் கேட்போம். மேய எங்கே இடம்? கோடையில் தண்ணீர் எங்கே? நோய் வந்தால் கால்நடை வைத்தியர் எவ்வளவு தூரத்தில்? பாலை வாங்குபவர் யார்?

எமது நாட்டுப் பசு ஒன்றிரண்டு லீற்றர்தான் தரும். ஆயினும் வெயிலைத் தாங்கும்; கிடைத்ததை மேயும். வேலியோரம் சீமைக்கிளுவை நட்டால் அதன் குழையைப் புல்லோடு கலந்து கொடுக்கலாம். அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரியாமல் சூடாக அடுக்கி வைக்கலாம். பாலைத் தனித்தனியே விற்காமல் சங்கமாகச் சேர்ந்து விற்றால் விலை பேசவும் எமக்கு வாயிருக்கும்.

மாட்டைத் தருவது இலகு. மேய்ச்சல் நிலத்தையும் நியாய விலையையும் உறுதிசெய்வதே கொள்கை. அதைக் கேட்கும் உரிமை எமக்குண்டு.