நருட்டோ பார்க்கப் போறீங்களா? எந்த எபிசோடுகளை ஸ்கிப் பண்ணலாம்?

நருட்டோ 220, ஷிப்புடென் 500. மொத்தம் 720 எபிசோடுகள். மலைக்காதீங்க, எல்லாத்தையும் பார்க்கணும்னு இல்லை.

ஃபில்லர் ஏன் வந்தது?

மங்கா வாராவாரம் வந்துகொண்டிருந்தபோதே அனிமேவும் ஒளிபரப்பானது. மங்காவை எட்டிப் பிடித்ததும், நேரம் கடத்த அதில் இல்லாத கதைகளைச் சேர்த்தார்கள்.

எதைத் தவிர்க்கலாம்?

நருட்டோவில் 136-140, 142-219. சுமார் 32 மணி நேரம் மிச்சம்! ஆனா மொத்தமா தள்ளிவிட்டா இரண்டு முக்கியமான இடங்கள் போயிடும். சகுரா சுனாடேயிடம் மாணவியாகச் சேர்வது 141-ல். நருட்டோ பயிற்சிக்காக ஊரைவிட்டுக் கிளம்புவது 220-ல்.

ஃபில்லர்தான், ஆனா பார்க்கலாம்

101: ககாஷியின் முகமூடிக்குப் பின்னால் என்ன? மாணவர்கள் துப்பறியும் காமெடி.

ஷிப்புடென் 349-361: ககாஷி ரகசியப் படையில் இருந்த நாட்கள். அவரோட தனிமை எங்கிருந்து வந்ததுன்னு இங்கேதான் புரியும்.