பனிமலையைத் தாண்டிய 'பாபா'

திருச்சிராப்பள்ளி என்றதும் மலைக்கோட்டையும் காவிரியும் நம் கண்முன் வரும். அதே திருச்சியில்தான் 1942-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இந்திய விமானப் படையின் 6-வது ஸ்குவாட்ரன் பிறந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் முதல் தலைவராக வந்து நின்றவர் தாடியும் தலைப்பாகையுமாக ஒரு சீக்கிய வாலிபர். வயது 27. பெயர் மெஹர் சிங்.

பிற்காலத்தில் விமானப் படையினர் அவரை 'மெஹர் பாபா' என்று அன்போடு அழைத்தார்கள். ஆன்மிக உலகில் புகழ்பெற்ற மெஹர் பாபா வேறு, இவர் வேறு. இந்த பாபாவின் தவமெல்லாம் ஆகாயத்தில்தான்!

1915-ம் ஆண்டு, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் லயால்பூர் சீமையில் பிறந்தவர் மெஹர் சிங். இங்கிலாந்தில் உள்ள கிரான்வெல் விமானப் படைக் கல்லூரிக்கு 1934-ல் போனார். 1936-ல் அதிகாரியாகத் திரும்பி வந்தார். அப்போது இந்திய விமானப் படை என்பது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். அதனிடம் இருந்தவை 'வாபிட்டி' என்னும் பழைய இரட்டைச் சிறகு விமானங்கள். விமானியின் தலைக்கு மேல் கூரைகூடக் கிடையாது.

வடமேற்கு எல்லைப்புறத்து மலைகளின் மேல் பறக்கும்போது, ஒருநாள் அவருடைய விமானம் கீழிருந்து சுடப்பட்டு விழுந்தது. சுற்றிலும் பகைவர்கள். அவரும், உடன் சென்ற துப்பாக்கி வீரர் குலாம் அலியும் இருட்டில் ஒளிந்து மறைந்து ராணுவ முகாம் வந்து சேர்ந்தார்கள். சாவை அவ்வளவு பக்கத்தில் பார்த்த மனிதருக்கு ஆகாயம் கசந்து போயிருக்க வேண்டும் அல்லவா? மெஹர் சிங் மறுபடியும் விமானத்தில் ஏறினார்.

ராணுவத்தின் கண்கள்

திருச்சியில் உருவான 6-வது ஸ்குவாட்ரன், 1943-ம் ஆண்டு இறுதியில் பர்மா எல்லைக்குப் போயிற்று. அராக்கான் காடுகளில் ஜப்பானியத் துருப்புகள் மறைந்திருந்தன. அவை எங்கே இருக்கின்றன, எந்தப் பாதையில் நகர்கின்றன என்று பார்த்துச் சொல்வதும், படம் எடுத்து வருவதும் இந்த ஸ்குவாட்ரனின் வேலை.

'ஹரிக்கேன்' விமானங்கள் இரண்டிரண்டாகக் கிளம்பும். ஒன்று தாழப் பறந்து கீழே நோட்டமிடும். மற்றொன்று அதன் பின்புறத்தைக் காக்கும். ஜப்பானியரின் போர் விமானங்களுக்கு முன்னால் ஹரிக்கேன் வேகம் குறைந்த பழைய ரகம். ஆனாலும் அவர்கள் கொண்டு வந்த தகவல்களால் 'பதினான்காவது ராணுவத்தின் கண்கள்' என்ற பெயர் அந்த ஸ்குவாட்ரனுக்குக் கிடைத்தது. மெஹர் சிங்குக்கு 1944-ல் 'டி.எஸ்.ஓ.' விருது அளிக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் இந்திய விமானப் படையில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

பூஞ்ச் நகரின் உயிர்மூச்சு

சுதந்திரம் வந்தது. கூடவே காஷ்மீர் யுத்தமும் வந்தது. 1947 அக்டோபர் 27-ம் தேதி துருப்புகளைச் சுமந்துகொண்டு டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகரில் இறங்கின. ஏர் கமடோர் பதவிக்கு உயர்ந்த மெஹர் சிங், காஷ்மீர் முனையின் விமானப் படைப் பொறுப்பை ஏற்றார். மேஜைமுன் உட்கார்ந்து உத்தரவு போடலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அது அவர் சுபாவம் அல்ல.

பூஞ்ச் நகரை எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே சிறு படையும், ஆயிரக் கணக்கான அகதிகளும் அகப்பட்டுக்கொண்டார்கள். தரை வழி அடைபட்டுவிட்டது. உணவும் மருந்தும் குண்டுகளும் இனி ஆகாய வழியாகத்தான் வரவேண்டும். அகதிகளே மண் சுமந்து, மேடு வெட்டி, சில நாட்களில் ஓர் ஓடுபாதை அமைத்தார்கள். நீளம் ஏறக்குறைய 600 கஜம். சுற்றியுள்ள குன்றுகளில் எதிரியின் துப்பாக்கிகள்.

கனத்த டகோட்டா இங்கே இறங்க முடியுமா? கேள்விக்கு விடை காண வேறு எவரையும் மெஹர் சிங் அனுப்பவில்லை. 1947 டிசம்பரில் தாமே ஓட்டிச் சென்று இறங்கிக் காட்டினார். அதன் பிறகு மற்ற விமானிகள் வரிசையாக இறங்கினார்கள். பிறகு இரவிலும், எண்ணெய் விளக்குகளின் மங்கலான வெளிச்சத்தை நம்பி விமானங்கள் இறங்கின. பீரங்கிகள்கூட அந்தச் சிறு பாதையில் வந்து சேர்ந்தன. 1948 நவம்பரில் முற்றுகை முறியும் வரை பூஞ்ச் நகரம் பிழைத்துக் கிடந்தது இந்த வழியால்தான்.

லே நகரம் கண்ட அதிசயம்

அடுத்த அபாயம் லடாக்குக்கு வந்தது. எதிரிகள் லே நகரை நோக்கி முன்னேறினார்கள். அங்கே இருந்ததோ ஒரு சின்னஞ்சிறு படை. குளிர்காலத்தில் ஜோஜிலா கணவாயின் பனியில் நடந்தே போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களோடு சென்ற லடாக்கி எஞ்சினீயர் சோனம் நோர்பு, உள்ளூர் ஜனங்களைக் கொண்டு ஓர் ஓடுபாதை அமைத்திருந்தார்.

அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் 10,000 அடிக்கும் அதிக உயரம். அங்கே காற்று மெலிந்தது. மெலிந்த காற்றில் எஞ்சினுக்கு வலுக் குறையும். சிறகுகளின் தாங்கு சக்தியும் குறையும். இறங்கும்போது விமானம் வழக்கத்தைவிட வேகமாக ஓடும். கிளம்பும்போது நெடுந்தூரம் ஓடித்தான் எழும்பும். வழியிலோ வானளாவிய சிகரங்கள். டகோட்டாவின் உள்ளே காற்றழுத்த வசதி கிடையாது. சிறகில் பனி உறைந்தால் உருக்கும் சாதனமும் கிடையாது. வழிகாட்டும் படங்களும் சரியாக இல்லை. அதுவரை எந்த விமானமும் லே மண்ணைத் தொட்டதில்லை.

1948 மே 24-ம் தேதி மெஹர் சிங் தாமே டகோட்டாவைக் கிளப்பினார். அதில் உடன் சென்றவர் ஜெனரல் திம்மையா. சிகரங்களுக்கு இடையே வழி தேடி, மலைகளைத் தாண்டி, அந்த மண் பாதையில் விமானம் பத்திரமாக இறங்கியது. விமானத்தைக் கண்டறியாத ஊர் ஜனங்கள், அதற்குத் தீனியாக வைக்கோல் கொண்டு வந்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள்!

பின்னால் வந்த டகோட்டாக்கள் துருப்புகளைக் கொண்டு வந்தன. லே தப்பியது. 'மஹாவீர் சக்கரம்' மெஹர் சிங்கைத் தேடி வந்தது.

பதவி போயிற்று, பெயர் நின்றது

இவ்வளவு செய்தவர் விமானப் படையின் தலைமைப் பீடத்தில் ஒருநாள் அமர்ந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. 1948-ம் ஆண்டு முடிவதற்குள் அவர் விமானப் படையிலிருந்து விலகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 33. பிறகு பாட்டியாலா மகாராஜாவுக்கு ஆலோசகராக இருந்தார். பறப்பதை மட்டும் விடவில்லை. 1952 மார்ச் 16-ம் தேதி ஜம்முவிலிருந்து டில்லிக்குச் சிறு விமானம் ஒன்றில் வரும்போது விபத்துக்குள்ளாகி இறந்தார். இன்னும் நான்கு நாட்களில் அவருக்கு 37 வயது நிறைந்திருக்கும்.

ஏர் கமடோருக்கு மேல் எத்தனையோ பதவிகள் உண்டு. அவற்றை வகித்தவர்களும் பலர். ஆனால் 2018-ம் ஆண்டு விமானப் படை ஒரு பெரிய போட்டியை அறிவித்தபோது, அதற்குச் சூட்ட எடுத்த பெயர் 'மெஹர் பாபா'. வெள்ளம், பூகம்பம் போன்ற காலங்களில் உதவி கொண்டு போகக் கூட்டமாகப் பறக்கும் ஆளில்லா விமானங்களை உருவாக்கும் போட்டி அது.

ஆளில்லா விமானத்துக்கு இவர் பெயரா என்று முதலில் வியப்பாக இருக்கும். யோசித்தால் பொருத்தம் புரியும். வழி அடைபட்டு, ஆகாயத்தைப் பார்த்துக் காத்திருக்கும் ஜனங்களுக்கு முதலில் போய்ச் சேரவேண்டிய விமானம் அல்லவா அது? பூஞ்சிலும் லேயிலும் அப்படிப் போய்ச் சேர்ந்த முதல் விமானத்தை ஓட்டியவர் யார் என்பதை அந்தப் பெயர் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.