சூரியன் இல்லாத நேரத்திலும் சுடும் ஓட்டம்: சிங்கப்பூர் மரதனும் எங்கள் பாடசாலை மரதனும்

சிங்கப்பூர் மரதன் ஓட்டம் அண்மைய ஆண்டுகளில் அதிகாலை 4.30 மணிக்கே தொடங்குகிறது. அங்கே சூரியன் எழுவது ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஆகவே முதல் இரண்டரை மணிநேரம் இருட்டில்தான் ஓடவேண்டும். வெயிலே படாத அந்த நேரத்தைப் பற்றி ஓடியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே ரீசேட் நனைந்துவிடும். சில கிலோமீற்றர்களில் சப்பாத்துக்குள் வியர்வை சளசளக்கும். நனைந்த துணி உரசி அக்குளும் தொடையும் எரியும். முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு ஓடுபவர்களைவிட நடப்பவர்கள்தான் கூடுதலாகத் தெரிவார்கள்.

நவம்பர் இறுதியில் அல்லது டிசம்பர் முதல் வாரத்தில் இந்தப் போட்டி நடக்கும். எங்களைப் போல அவர்களுக்கும் அது வடகீழ்ப் பருவமழைக் காலம். அதிகாலை வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ 25 பாகை என்றால் "நல்ல குளிர்மை" என்று சொல்வோம். அப்படியிருக்க ஏன் இவ்வளவு பாடு?

விடை வெப்பமானியில் இல்லை, வியர்வையில் இருக்கிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 60 கிலோகலோரி சக்தியைச் செலவிடுகிறார். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் வெப்பமாகவே உடலுக்குள் சேர்கிறது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், அந்த வெப்பம் வெளியேற வழியில்லாதபோது உடல் வெப்பநிலை ஆறேழு நிமிடங்களுக்கு ஒரு பாகை வீதம் ஏறும். நாங்கள் அப்படிச் செத்துப்போகாமல் இருப்பதற்குக் காரணம் வியர்வை ஆவியாவதுதான். ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி அளவு வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆனால் ஆவியாகவேண்டும். நாடியிலிருந்து சொட்டி வீதியில் விழுந்த வியர்வை எந்தக் குளிர்மையையும் தராது, உடலின் நீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகும். காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். உடலோ விடாமல் இன்னும் வியர்க்கும். ஓடுபவர் தொப்பலாக நனைந்தபடி உள்ளே சூடேறிக்கொண்டிருப்பார்.

இதை அளக்க ஈரக்குமிழ் வெப்பநிலை என்றொரு அளவு உண்டு. வெப்பமானியின் குமிழை ஈரத் துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் எவ்வளவுக்குக் குளிருமோ அதுதான் அது. 33 பாகையும் 50 சதவீத ஈரப்பதனும் உள்ள மத்தியான நிழலில் ஈரக்குமிழ் 25 பாகைக்குச் சற்றுக் கீழே நிற்கும். 25 பாகையும் 95 சதவீத ஈரப்பதனும் உள்ள சிங்கப்பூர் அதிகாலையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். வியர்வை ஆவியாவதைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதிகாலையின் இலாபம், காற்று தோலைவிடக் குளிராக இருப்பதும் தலைக்குமேல் சூரியன் இல்லாததும்தான். ஏழு மணிக்குப் பிறகு அந்த இலாபம் கரையத் தொடங்கும். நான்கு மணிநேரத்துக்கு மேல் ஓடும் சாதாரண மனிதருக்குக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்கள் வெயிலில்தான் வரும்.

வெயிலையும் சேர்த்துக் கணக்கிட, ஈரக்குமிழுக்கு 70 சதவீதமும் வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பத்துக்கு 20 சதவீதமும் சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதமும் கொடுத்து ஒரு சுட்டி உருவாக்கினார்கள். இதை உருவாக்கியது விளையாட்டு உலகம் அல்ல. 1950களில் அமெரிக்க இராணுவப் பயிற்சி முகாம்களில் இளம் சிப்பாய்கள் வெப்பத்தால் சரிந்து விழுந்ததைத் தொடர்ந்து வந்தது. இப்போது மரதன் ஏற்பாட்டாளர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். 2023 இல் சிங்கப்பூர் அரசு வெளியில் வேலை செய்வோருக்கான விதியையும் இதே சுட்டியில் கட்டியது. 32 பாகையைத் தொட்டால் கடின வேலை செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிட ஓய்வு கொடுக்கவேண்டும். அந்த நகரத்தின் கட்டடங்களைக் கட்டுபவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பலர். பணம் கட்டி ஒரு நாள் ஓடுபவருக்கு ஐஸும் வைத்தியரும் பல ஆண்டுகளாகக் கிடைத்துவந்தன. தினமும் அதே காற்றில் கம்பி சுமப்பவருக்கு விதி 2023 இல்தான் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காற்று ஓட்டத்தை எவ்வளவு மந்தமாக்கும்? சிங்கப்பூரின் சோ ரூய் யோங் 2015 இல் சொந்த மண்ணில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 56 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். 2019 இல் குளிர்ந்த சியோல் நகரில் 2 மணி 23 நிமிடம் 42 செக்கனில் முடித்துத் தேசிய சாதனை படைத்தார். நான்கு ஆண்டுப் பயிற்சியின் பங்கும் அதில் உண்டு. ஆனாலும் அவர் முறியடித்த பழைய சாதனை, முருகையா ரமேஷன் 1995 இல் ஓடிய 2 மணி 24 நிமிடம் 22 செக்கன், அதுவும் சிங்கப்பூரில் நிகழ்ந்ததல்ல. தாய்லாந்தின் வடக்கே, டிசம்பரில் குளிரும் சியாங் மாயில் நிகழ்ந்தது.

2019 இல் ஏற்பாட்டாளர்கள் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். போட்டியை மாலை 6 மணிக்கு மாற்றினார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருக்கும், ஓடுபவர்களும் நித்திரை முழித்து வரத் தேவையில்லை. ஆனால் பகல் முழுவதும் சூடேறிய தார் வீதி இரவில்தான் வெப்பத்தைக் கக்கும். சனிக்கிழமை மாலையில் வீதிகளை மூடியதால் நகரமும் நெரிசலில் திணறியது. பெருந்தொற்றுக்குப் பிறகு போட்டி திரும்பியபோது மீண்டும் அதிகாலைக்கே போனார்கள்.

உலகின் தலைசிறந்தவர்களுக்கும் இதே கணக்குத்தான். 2019 இல் கட்டாரின் டோஹாவில் உலக மெய்வல்லுநர் போட்டியின் பெண்கள் மரதனை நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பாகத் தொடங்கினார்கள். அந்த நேரத்திலும் 32 பாகைக்கு மேல், ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். 68 பேர் தொடங்கினர், 40 பேர்தான் முடித்தனர். ரோக்கியோ ஒலிம்பிக்கில் வெப்பத்துக்குப் பயந்து மரதனை வடக்கேயுள்ள சப்போரோவுக்கே கொண்டுபோனார்கள். அங்கும் 106 ஆண்களில் 30 பேர் இடையில் விலகினர். பேர்லினில் 2018 இல் 2 மணி 1 நிமிடம் 39 செக்கனில் ஓடியிருந்த எலியுட் கிப்சோகே, அங்கு தங்கம் வெல்ல 2 மணி 8 நிமிடம் 38 செக்கன் எடுத்தார். வென்றவரே ஏழு நிமிடம் விட்டுக்கொடுத்துத்தான் வென்றார்.

சிங்கப்பூரில் 2008, 2009 இரண்டு ஆண்டும் வென்றவர் கென்யாவின் லூக் கிபெட். 2009 இல் அவர் ஓடிய நேரம் 2 மணி 11 நிமிடம் 25 செக்கன். இவர் 2007 ஓகஸ்டில் ஒசாகாவின் கொடும் புழுக்கத்தில், மூன்றிலொரு பங்கினர் முடிக்காமல் விட்ட போட்டியில், உலகச் சம்பியன் ஆனவர். அந்த ஆண்டு முடியும் தறுவாயில் கென்யாவில் தேர்தலுக்குப் பின்னான இனக்கலவரம் வெடித்தது. எல்டோரெட் நகரில் தலையில் கல்லெறி பட்டு நினைவிழந்து விழுந்தார். அதே நாட்களில் முன்னாள் ஒலிம்பிக் வீரர் லூக்காஸ் சாங் கொல்லப்பட்டார். கிபெட் தேறி, ஓராண்டுக்குள் சிங்கப்பூரில் முதலாவதாக வந்தார். காலநிலை பற்றிய கட்டுரையில் இது கொஞ்சம் விலகல்தான், ஆனால் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு அந்தப் பெயரை நினைவில் வைத்திருக்க அது ஒரு காரணம்.

புழுக்கத்தில் நன்றாக ஓடி முடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில், வழமையான வேகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். தொடக்கத்திலிருந்தே மெதுவாக, சிலர் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நடந்து கடக்கிறார்கள். ஐஸை வாயில் போடுவதுபோலவே தொப்பிக்குள்ளும் கழுத்துத் துணியிலும் வைக்கிறார்கள். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்திச் சுரக்கும், அதில் உப்பும் குறையும். இந்தப் பழக்கம் சில வாரங்களில் போயும்விடும். "நாங்கள் வெயிலில் பிறந்தவர்கள்" என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு ஊர் வந்து மறுநாளே ஓடப் புறப்படுபவரின் உடல், அங்கே பிறந்த வெள்ளைக்காரரின் உடலைப் போலத்தான் அந்தக் காலையைச் சந்திக்கிறது.

தண்ணீர் விடயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குடிக்காமல் ஓடுவது தெரிந்த ஆபத்து. அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும். 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதமானோருக்கு சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடிப்பதும், நீண்ட ஓட்டத்தில் உப்புச் சேர்ந்த பானத்தை எடுப்பதும் போதும். வீட்டில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கரைத்தாலும் சரிதான்.

எங்கள் மத்தியில் வேறு சில உடல்களும் இருக்கின்றன. அவை பற்றி வெளிநாட்டு மரதன் கையேடுகளில் நான்கு வரிதான் இருக்கும். முள்ளந்தண்டு வடத்தில் காயப்பட்டவருக்குக் காயத்தின் மட்டத்துக்குக் கீழே வியர்ப்பது குறையும் அல்லது நின்றேவிடும். அவருக்குக் குளிரச் செய்யும் தோலின் பரப்பு குறைவுதான். எரிகாயத் தழும்பிலும் தோல் ஒட்டிய இடத்திலும் வியர்வை சுரக்காது. கால் இழந்தவருக்கு, நடப்பதற்கே மற்றவரைவிடக் கூடுதல் சக்தி செலவாகும். அதனால் கூடுதல் வெப்பமும் பிறக்கும். செயற்கைக் காலின் உறைக்குள் எஞ்சிய கால் வெந்து, வியர்வையில் வழுக்கிப் புண்ணாகும். சக்கர நாற்காலியில் ஓடுபவர்களுக்குத் தண்ணீர்த் தெளிப்பான் உதவும். உடல் சுரக்காத வியர்வையை அவர்கள் வெளியிலிருந்து தெளித்துக்கொள்ளலாம். ஓடாவிட்டாலும், பங்குனி சித்திரையில் தகரக் கூரையின் கீழ் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இதே தெளிப்பானும் ஒரு மின்விசிறியும் உதவும்.

இனி எங்கள் பாடசாலைகள். தை, மாசி, பங்குனி மாதங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். தூரம் ஐந்தோ பத்தோ கிலோமீற்றர் என்றாலும் அதற்கும் மரதன் என்றுதான் பெயர். 2024 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஒன்றில் பங்குபற்றிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். நாட்டின் பல பகுதிகளில் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த காலம் அது. மரணத்தின் காரணத்தைச் சொல்வது மருத்துவர்களின் வேலை. ஆனால் தூரம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு. அமெரிக்காவின் ஃபால்மத் என்ற ஊரில் ஓகஸ்டில் நடக்கும் ஓட்டம் 11 கிலோமீற்றர் சொச்சம்தான். 18 ஆண்டுகளில் அங்கு 274 பேர் வெப்பத்தாக்கில் விழுந்தார்கள். குறுகிய தூரத்தில் வேகமாக ஓடுவதால் வெப்பமும் வேகமாக ஏறுகிறது.

அந்த 274 பேரும் உயிர் தப்பினார்கள். விழுந்த உடனேயே முடிவிடத்தில் வைத்து ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தினார்கள், பிறகுதான் வைத்தியசாலை. உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முதல் அரை மணிநேரத்துக்குள் இறக்கிவிடவேண்டும். எங்கள் வழக்கம் நேர்மாறு. பிள்ளை விழுந்தால் தூக்கி ஓட்டோவில் போட்டு ஓடுவோம். அந்த அரை மணிநேரம் வீதியிலேயே போய்விடும்.

அடையாளம் காண்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. வெப்பத்தாக்கு என்றால் தோல் காய்ந்திருக்கும் என்று பலர் படித்திருப்பார்கள். ஓடி விழுந்தவருக்கு அப்படியில்லை, உடல் வியர்வையில் குளித்தபடிதான் இருக்கும். பார்க்கவேண்டியது பேச்சையும் நடையையும். தள்ளாடுதல், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், காரணமில்லாத கோபம், ஆசிரியரின் பெயரே தெரியாமல் விழித்தல் என்பவைதான் அடையாளம். நினைவு தளும்புபவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

தொட்டி இல்லையென்றால் தறப்பாள் போதும். தறப்பாள் என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான்கைந்து பேர் ஓரங்களை உயர்த்திப் பிடிக்க, நடுவில் பிள்ளையைக் கிடத்தித் தண்ணீரும் ஐஸும் கொட்டி, தலையை வெளியே தாங்கிக்கொண்டு, தண்ணீர் அலையும்படி ஆட்டவேண்டும். இது இன்று விளையாட்டு மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. கடற்கரைக் கிராமம் என்றால் மீன் வாடியில் ஐஸ் இருக்கும். போட்டியன்று காலை இரண்டு றெஜிபோம் பெட்டி நிறைய எடுத்துவந்து முடிவிடத்தில் ஒன்றும் பாதி வழியில் ஒன்றும் வைக்கலாம். ஒருவர் 1990 இற்கு அழைக்கும்போது மற்றவர்கள் குளிரச் செய்வதை நிறுத்தாமல் தொடரவேண்டும். அம்புலன்ஸ் வந்து நின்றாலும், பிள்ளை தெளிவாகப் பேசத் தொடங்கும்வரை தறப்பாளை விட்டு எடுக்க அவசரப்படவேண்டியதில்லை.